கரு மாதிரிகள்: ஆய்வகம் தர முடியாத பதிலைச் சட்டம் தர வேண்டும்

ஒரு பெண்ணுக்கு நாள் தள்ளிப்போய், சோதித்துப் பார்த்து, கரு தங்கியிருப்பது உறுதியாகும்போது அந்தக் கருவுக்குக் குறைந்தது இரண்டு வாரம் ஆகியிருக்கும். அடுத்த ஒரு வாரத்தில் அதன் இதயம் துடிக்கத் தொடங்கும். மூளையும் தண்டுவடமும் உருவாக வேண்டிய நரம்புக் குழாய் ஏறத்தாழ 28ஆம் நாளுக்குள் மூடிக்கொள்ளும். பெரும்பாலான பெண்கள் முதன்முதலாக மருத்துவரைப் பார்க்கப் போவதற்கு முன்பே தலைப்பக்கம் எது, கால்பக்கம் எது, வலம் எது, இடம் எது என்பதெல்லாம் கருவுக்குள் தீர்மானமாகிவிடுகின்றன. இந்தக் காலத்தில் நேரும் பிழைகள்தாம் பல கருச்சிதைவுகளுக்கும் பிறவிக் குறைபாடுகளுக்கும் வேர். அமெரிக்காவின் வட கரோலினாவில் 221 பெண்களின் சிறுநீரை நாள்தோறும் சோதித்து ஆலன் வில்காக்ஸ் குழுவினர் ஓர் ஆய்வை 1988இல் வெளியிட்டார்கள். கருப்பையில் பதிந்த கருக்களில் 31 சதவீதம் கலைந்துபோயின என்பது அதன் முடிவு. அவற்றிலும் பெரும்பகுதி, அதாவது மொத்தத்தில் 22 சதவீதம், கர்ப்பம் என்று மருத்துவர்கள் கண்டறிவதற்கு முன்பே முடிந்துபோனவை. தன் உடலுக்குள் ஒரு கரு வந்து போனது பல பெண்களுக்குத் தெரியவே இல்லை.

தெரிந்த பெண்ணின் நிலை வேறு விதமான துயரம். பப்பாளி தின்றாயா, பளு தூக்கினாயா, வண்டியில் போனாயா என்ற கேள்விகள் நம் வீடுகளில் இன்னும் ஓயவில்லை. முதல் மூன்று மாதத்தில் நிகழும் கருச்சிதைவுகளில் ஏறத்தாழ பாதிக்குக் குரோமோசோம் பிழையே காரணம் என்பது பல ஆண்டுகளாக அறியப்பட்ட உண்மை. மற்ற பாதியில் பலவற்றுக்கு மருத்துவரிடமும் பதில் இல்லை. இரண்டாவது வாரத்துக்கும் நான்காவது வாரத்துக்கும் இடையே மனிதக் கருவுக்குள் என்ன நடக்கிறது என்பதை உயிருள்ள நிலையில் யாரும் முழுமையாகப் பார்த்ததில்லை என்பதே காரணம். அந்த இருட்டைத் திறக்கும் கருவி ஒன்று கடந்த சில ஆண்டுகளில் உருவாகியிருக்கிறது. விந்தணுவும் இல்லாமல், கருமுட்டையும் இல்லாமல், ஸ்டெம் செல்களைக் கொண்டு ஆய்வகத்தில் வளர்க்கப்படும் கரு மாதிரிகள் அவை. இந்த ஆய்வு தொடர வேண்டும் என்று நான் வாதிடுகிறேன். அதே அழுத்தத்தோடு இன்னொன்றையும் சொல்கிறேன்: இதன் எல்லையை விஞ்ஞானிகளின் நல்லெண்ணத்திடம் ஒப்படைத்துவிட முடியாது. அதற்கான காரணம் இந்த அறிவியலுக்குள்ளேயே இருக்கிறது.

மனிதக் கருவின் தொடக்கம் பற்றிப் பாடநூல்களில் உள்ள படங்கள் எங்கிருந்து வந்தவை என்று பார்த்தால் நம் அறியாமையின் அளவு விளங்கும். அமெரிக்காவின் பால்டிமோரில் கார்னகி நிறுவனம் திரட்டிய கருத் தொகுப்புதான் அவற்றின் முதன்மை ஆதாரம். அதில் மிக இளம் கருக்களைச் சேர்த்தவர்கள் பாஸ்டனைச் சேர்ந்த ஆர்தர் ஹெர்டிக், ஜான் ராக் என்னும் இரு மருத்துவர்கள். 1938இல் தொடங்கிப் பதினைந்து ஆண்டுகள்போல உழைத்து, கருப்பை அகற்றும் அறுவைச் சிகிச்சைக்கு வந்த சுமார் 210 பெண்களிடமிருந்து அவர்களுக்குக் கிடைத்தவை 34 கருக்கள். இன்றைய ஒப்புதல் நெறிகளின்படி அப்படியொரு சேகரிப்பை எந்த மருத்துவமனையும் அனுமதிக்காது. கிடைத்தவையும் இறந்த கருக்கள். மெல்லிய சீவல்களாக வெட்டிச் சாயமேற்றப்பட்டவை. ஒரு கணத்தின் உருவத்தை அவை காட்டும். அடுத்த கணம் எந்த செல் எங்கே நகர்ந்தது, எந்தச் சமிக்ஞை எதைத் தூண்டியது, எந்த இடத்தில் வளர்ச்சி தடம் மாறியது என்பதை அவற்றால் காட்ட முடியாது. ஸ்கேன் கருவியாலும் இந்த வயதுக் கருவுக்குள் ஊடுருவிப் பார்க்க இயலாது. அரிசிமணியைவிடச் சிறிய அந்த உருவம் அதில் வெறும் புள்ளியாகக்கூடத் தெளிவாகத் தெரிவதில்லை.

விலங்குகளைக் கொண்டு கற்றுக்கொள்ளலாமே என்பது நியாயமான கேள்வி. கருவியலின் பெரும்பகுதி சுண்டெலியிடமிருந்து கற்றதுதான். ஆனால், கருப்பையில் பதிந்தபின் எலியின் கரு கிண்ண வடிவில் வளர்கிறது. மனிதக் கரு தட்டையான வட்டாக விரிகிறது. நஞ்சுக்கொடி உருவாகும் முறையும் வேறு, வளர்ச்சியின் வேகமும் வேறு. இந்த வேறுபாட்டின் விலையை உலகம் ஒருமுறை கொடுத்திருக்கிறது. 1957இல் மேற்கு ஜெர்மனியில் விற்பனைக்கு வந்த தாலிடோமைடு என்னும் மருந்து, கர்ப்பிணிகளின் குமட்டலுக்கும் தூக்கமின்மைக்கும் பல நாடுகளில் தரப்பட்டது. 1961இல் அது திரும்பப் பெறப்படுவதற்குள் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட குழந்தைகள் கை கால் குறைபாடுகளோடு பிறந்துவிட்டார்கள். கரு உருவான 20ஆம் நாளிலிருந்து 36ஆம் நாள் வரையிலான இடைவெளியில் அந்த மருந்தை உட்கொண்டதே போதுமானதாக இருந்தது. அதே மருந்தை எலிகளுக்குக் கொடுத்தால் அவற்றின் குட்டிகளுக்கு அந்தக் குறை வருவதில்லை. கரு வளர்ச்சிக்குத் தேவையான ஒரு புரதத்தை மனித உடலில் இம்மருந்து சிதைக்கிறது என்பதும், புரதங்களின் அமைப்பிலுள்ள சிறு வேறுபாட்டால் எலி தப்பிவிடுகிறது என்பதும் 2018இல்தான் தெளிவாயின. இன்றும் மருந்துச் சோதனைகளில் பெரும்பாலும் கர்ப்பிணிகள் சேர்க்கப்படுவதில்லை. ஒரு மருந்து கருவைப் பாதிக்குமா என்ற கேள்விக்கு மனிதச் செல்களில் விடை தேடும் வழி இருக்குமானால், அதைத் தேடாமல் இருப்பதும் ஒரு தார்மீகத் தவறே.

அந்த வழி எப்படிப் பிறந்தது என்பதைச் சுருக்கமாகச் சொல்லலாம். 1998இல் ஜேம்ஸ் தாம்சன் மனிதக் கருவிலிருந்து ஸ்டெம் செல்களைப் பிரித்தெடுத்தார். 2006இல் ஜப்பானின் ஷின்யா யாமனாகா எலியின் தோல் செல்லையும், அடுத்த ஆண்டு மனிதத் தோல் செல்லையும் பின்னோக்கித் திருப்பி, எந்த உறுப்பாகவும் மாறக்கூடிய ஸ்டெம் செல்லாக ஆக்கிக் காட்டினார். 2012இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. அதன்பின் தெரியவந்த விஷயம்தான் கருவியலாளர்களையே வியக்கவைத்தது. இந்தச் செல்களைச் சரியான எண்ணிக்கையில், சரியான வேதிப் பொருள்களோடு சேர்த்து வைத்தால், வெளியிலிருந்து யாரும் வரிசைப்படுத்தாமலேயே அவை தம்மைத்தாமே ஒழுங்கமைத்துக்கொள்கின்றன. 2014இல் நியூயார்க்கின் ராக்ஃபெல்லர் பல்கலைக்கழகத்தில் அலி பிரிவன்லூ குழுவினர், சிறு வட்டங்களுக்குள் வளர்த்த மனித ஸ்டெம் செல்கள் கருவின் மூன்று அடிப்படை அடுக்குகளாகப் பிரிவதைக் காட்டினார்கள். 2020இல் கேம்பிரிட்ஜில் மனிதக் கருவின் தலை–வால் அச்சு கொண்ட மாதிரிகள் உருவாயின. 2021இல் அமெரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும், பின்னர் வியன்னாவிலும், கருப்பையில் பதிவதற்கு முந்தைய ஐந்து, ஆறு நாள் கருவை ஒத்த செல் உருண்டைகள் செய்யப்பட்டன.

2023 செப்டம்பரில் இஸ்ரேலின் வைஸ்மன் நிறுவனத்தைச் சேர்ந்த ஜேக்கப் ஹன்னா குழு வெளியிட்ட ஆய்வு இவற்றுக்கெல்லாம் ஒரு படி மேலே போனது. மரபணுக்களில் கைவைக்காமல், வேதிப் பொருள்களின் தூண்டுதலை மட்டும் கொண்டு, ஸ்டெம் செல்களில் ஒரு பகுதியை நஞ்சுக்கொடிக்கான செல்களாகவும், வேறு பகுதிகளைக் கருவைச் சூழ்ந்து தாங்கும் செல்களாகவும் மாற்றினார்கள். சுமார் 120 செல்களை ஒன்றாகச் சேர்த்து வளர்த்தபோது, சில மாதிரிகள் 14 நாள் கருவின் அமைப்பை எட்டின. பனிக்குடம், கருவுணவுப் பை, நஞ்சுக்கொடியின் தொடக்கம் எல்லாம் உரிய இடத்தில் அமைந்திருந்தன. கர்ப்பச் சோதனையில் காட்டும் ஹார்மோனையே அவை சுரந்தன. கவனிக்க வேண்டிய இன்னொன்று உண்டு: இப்படி முழுமையாக ஒழுங்கமைந்தவை நூற்றுக்கு ஒன்று முதல் மூன்று வரைதான். மற்றவை உருக்குலைந்த செல் கூட்டங்களாகவே நின்றுவிட்டன. ஆனால் தோல்விகூட அங்கே பாடமானது. நஞ்சுக்கொடிக்கான வெளியுறை செல்கள் கருவைச் சரியான நேரத்தில் முழுமையாகச் சூழ்ந்துகொள்ளாத மாதிரிகளில் உள்ளமைப்புகள் ஒழுங்காக வளரவில்லை. உயிருள்ள மனிதக் கருவில் இப்படியொரு பிழை நேர்ந்தால் அதைக் கண்ணால் பார்க்க எந்த வழியும் இல்லை.

பயன் இனிமேல்தான் வரும் என்று காத்திருக்கத் தேவையில்லை. சில விடைகள் ஏற்கெனவே கிடைத்துவிட்டன. முதுகெலும்பின் கண்ணிகளுக்கு அடித்தளமான திசுக் கட்டிகள் கருவில் தாளம் தவறாமல் ஒன்றன்பின் ஒன்றாக உருவாகின்றன. எலியில் இந்தத் தாளத்துக்கு இரண்டு மணி நேரம், மனிதரில் ஏறத்தாழ ஐந்து மணி நேரம். கியோட்டோவிலும் ஹார்வர்டிலும் இயங்கும் குழுக்கள் 2022 இறுதியில் இந்தத் தாளத்தை மனித மாதிரிகளில் உருவாக்கிக் காட்டின. பிறவியிலேயே முதுகெலும்பு கோணும் நோயோடு தொடர்புள்ள மரபணுப் பிழைகளை அவற்றில் புகுத்தி, எந்த இடத்தில் தாளம் தவறுகிறது என்பதையும் பார்க்க முடிந்தது. வியன்னாவில் நிக்கோலா ரிவ்ரான் குழு உருவாக்கிய மாதிரிகள், ஹார்மோன்களால் பக்குவப்படுத்தப்பட்ட கருப்பை உட்சுவர்ச் செல்களில் மட்டும் ஒட்டின, பக்குவமாகாதவற்றில் ஒட்டவில்லை. செயற்கைக் கருவூட்டல் செய்துகொண்டு, நல்ல கரு என்று சொல்லப்பட்ட கருவும் தங்காமல், கடன் வாங்கி மீண்டும் மீண்டும் மருத்துவமனைக்கு நடக்கும் தம்பதிகள் நம்மிடையே எத்தனை பேர். அவர்களுக்கு இந்த ஒட்டுதலின் நுட்பம் தெரிவது பெரிய விஷயம். ஃபோலிக் அமிலத்தின் கதையையும் இங்கே நினைக்க வேண்டும். நரம்புக் குழாய்க் குறைபாடுள்ள குழந்தையை முன்பு பெற்ற பெண்கள் கருத்தரிக்கும் முன்பிருந்தே அதை உட்கொண்டால், அக்குறை மீண்டும் வரும் வாய்ப்பு 72 சதவீதம் குறைகிறது என்று 1991இல் ஏழு நாடுகளில் நடந்த பிரிட்டிஷ் ஆய்வு மெய்ப்பித்தது. நம் ஆரம்ப சுகாதார நிலையங்களில் தரப்படும் அந்தச் சாதாரண மாத்திரை எப்படி வேலை செய்கிறது, சிலருக்கு ஏன் பலனளிப்பதில்லை என்பது இன்னும் முழுமையாக விளங்கவில்லை. நரம்புக் குழாய் மூடும் நாள்களைப் பார்க்க முடிந்தால்தான் அது விளங்கும்.

எதிர்ப்பவர்களின் முதல் வாதத்தை அதற்குரிய மரியாதையோடு எடுத்துக்கொள்ள வேண்டும். கருவைப் போல வடிவம், கருவைப் போலச் செயல், கருவின் ஹார்மோன் என எல்லாம் இருக்கும்போது, அதைக் கரு என்று அழைக்காமல் மாதிரி என்று அழைப்பது மனசாட்சியைச் சமாதானப்படுத்தும் வேலைதானே என்று கேட்கிறார்கள். சமய நம்பிக்கையிலிருந்து கேட்பவர்கள் உண்டு. நம்பிக்கை ஏதுமின்றி அறத்திலிருந்து கேட்பவர்களும் உண்டு. பெயரை மாற்றுவதால் பொருள் மாறாது என்பதில் அவர்களோடு முழுமையாக உடன்படுகிறேன். கருவுக்கு நாம் தரும் மதிப்பு எதிலிருந்து வருகிறது என்பதே இங்குள்ள கேள்வி. தக்க இடமும் ஊட்டமும் கிடைத்தால் ஒரு குழந்தையாக வளரும் ஆற்றல் அதற்கு உண்டு என்பதிலிருந்துதான் அந்த மதிப்பில் பெரும்பகுதி வருகிறது. இன்றைய மாதிரிகளுக்கு அந்த ஆற்றல் இருப்பதாக எந்தச் சான்றும் இல்லை. ஹன்னா குழுவின் மாதிரிகள் கருப்பையில் பதியும் கட்டத்தையே கடந்து, அதற்கு அடுத்த கட்டத்தில் தொடங்குபவை. அவற்றால் கருப்பைச் சுவரில் பதிய முடியாது. எலிச் செல்களால் ஆன மாதிரிகள் துடிக்கும் இதயமும் மூளையின் தொடக்கமும் காணும் அளவுக்கு 2022இல் வளர்க்கப்பட்டன. அவற்றிலிருந்தும் ஒரு குட்டிகூடப் பிறந்ததில்லை. ஷாங்காயில் சீன அறிவியல் கழக விஞ்ஞானிகள் 2023இல் குரங்குச் செல்களால் செய்த மாதிரிகளை எட்டுப் பெண் குரங்குகளின் கருப்பையில் வைத்தார்கள். மூன்றில் கர்ப்பத்தின் தொடக்க அறிகுறிகள் தெரிந்தன. மூன்று வாரத்துக்குள் எல்லாம் மறைந்துபோயின.

இன்று ஆற்றல் இல்லை என்பதால் நாளையும் இருக்காது என்று யாரும் உறுதி கூற முடியாது. இந்த விவாதத்தின் மையமும் இங்கேதான் இருக்கிறது. ஒரு மாதிரி உண்மையான கருவாகிவிட்டதா என்பதை ஐயமறத் தீர்மானிக்கும் சோதனை ஒன்றே ஒன்றுதான்: ஒரு பெண்ணின் கருப்பையில் அதை வைத்துப் பார்ப்பது. எந்தச் சூழலிலும் மனிதர் செய்யக் கூடாத சோதனையும் அதுவே. எனவே, இதை ஆய்வகம் ஒருநாள் நிரூபித்துச் சொல்லட்டும், அதுவரை காத்திருப்போம் என்ற நிலைப்பாட்டுக்கு இடமே இல்லை. செய்யக் கூடாத சோதனையின் முடிவுக்காகக் காத்திருக்க முடியுமா? அறிவியல் தன் இயல்பிலேயே விடைசொல்ல முடியாத இடத்தில் சமூகம் முன்னெச்சரிக்கையோடு தீர்ப்பு எழுத வேண்டும். விலங்குகளில், குறிப்பாகக் குரங்குகளில், ஒரு வகை மாதிரி உயிருள்ள குட்டியாக வளர்ந்துவிட்டால், அதே வகை மனித மாதிரியை அன்றிலிருந்தே மனிதக் கருவாக நடத்த வேண்டும் என்று சட்டம் இப்போதே சொல்லிவைக்கலாம். ஆற்றலின் பெயரால் வாதிடும் என் நிலைப்பாடு, அந்த ஆற்றல் வந்த நாளில் தன் முடிவை மாற்றிக்கொள்ளவும் கடமைப்பட்டது.

இருக்கும் விதிகளே போதாதா என்று சிலர் கேட்கலாம். உலகம் இதுவரை நம்பியிருந்தது 14 நாள் விதியை. 1978இல் முதல் சோதனைக் குழாய்க் குழந்தை லூயிஸ் பிரவுன் பிறந்தபின், பிரிட்டன் அரசு தத்துவவியலாளர் மேரி வார்னாக் தலைமையில் அமைத்த குழு 1984இல் அதைப் பரிந்துரைத்தது. 1990இல் அது அந்நாட்டில் சட்டமானது. பல நாடுகள் பின்பற்றின. பின்னாளில் முதுகுத்தண்டு அமையவிருக்கும் அச்சைக் குறிக்கும் மெல்லிய கோடு 14ஆம் நாளை ஒட்டித்தான் தோன்றுகிறது. ஒரு கரு இரட்டையராகப் பிரியும் வாய்ப்பும் அத்தோடு முடிகிறது. ஆராய்ச்சியையும் பொதுமக்களின் அச்சத்தையும் ஒரே எண்ணால் சமன்செய்த அந்த விதி, நாற்பது ஆண்டுகள் நன்றாகவே உழைத்தது. மனிதக் கருவை அவ்வளவு நாள் வெளியில் வளர்க்க யாராலும் முடியாததும் அதற்குத் துணைநின்றது. 2016இல்தான் கேம்பிரிட்ஜிலும் நியூயார்க்கிலும் கருக்கள் 12, 13 நாள் வரை வளர்ந்து அந்த எல்லையைத் தொட்டன. கரு மாதிரிகளிடம் இந்தக் கணக்கே செல்லாது. கருவுறுதல் நிகழாத ஒன்றுக்கு முதல் நாள் எது? சில மாதிரிகள் முதல் வாரத்தையே தாண்டிவிட்டு இரண்டாம் வாரத்தின் அமைப்பில் தொடங்குகின்றன. வேறு சில, நஞ்சுக்கொடியே இல்லாமல் மூன்றாம் வாரத்துக் கருவின் ஒரு பகுதியை மட்டும் உருவாக்குகின்றன. எட்டு நாள் வளர்ந்த மாதிரி 14 நாள் கருவை ஒத்திருக்கிறது. நாள்காட்டியை வைத்து இவற்றை அளந்தால், கண்காணிக்க வேண்டியது தப்பிவிடும், தேவையில்லாதது தடுக்கப்படும். ஆகவே, எத்தனை நாள் வளர்ந்தது என்பதைவிட, என்னென்ன உறுப்புகளைக் கொண்டிருக்கிறது, என்ன செய்ய வல்லது என்பதே அளவுகோலாக வேண்டும்.

நாடுகள் இதில் தடுமாறி நிற்கின்றன. ஆஸ்திரேலியாவில் உரிமம் வழங்கும் அமைப்பு, தன் நாட்டிலேயே உருவான ஐந்து நாள் மாதிரிகளைச் சட்டப்படி மனிதக் கருவாகவே கருத வேண்டும் என்று முடிவு செய்தது. நெதர்லாந்தின் சுகாதார மன்றம் 2023இல் கருவைப் போன்ற அமைப்புகள் என்று தனியாக ஒரு வகையை வகுத்து, 28 நாள் எல்லையைப் பரிந்துரைத்தது. பிரிட்டனில் 2024 ஜூலையில் விஞ்ஞானிகளும் சட்ட அறிஞர்களும் சேர்ந்து நடத்தை நெறி ஒன்றை வெளியிட்டார்கள். அதைப் பின்பற்றுவது அவரவர் விருப்பம். ஸ்டெம் செல் ஆய்வுக்கான பன்னாட்டுச் சங்கம் 2021இல் வகுத்த நெறிகளை 2025இல் மேலும் இறுக்கியது. எந்த மாதிரியையும் கருப்பைக்குள் வைக்கக் கூடாது, உயிர்பிழைக்கும் நிலைவரை வெளியே வளர்க்கவும் கூடாது, ஒவ்வொரு ஆய்வுக்கும் தெளிவான நோக்கமும் முன்னறிவித்த முடிவுப் புள்ளியும் இருக்க வேண்டும் என்று அது சொல்கிறது. இவை சிறந்த நெறிகள். பொறுப்பான விஞ்ஞானிகள் தாமாகவே இவற்றை எழுதியிருப்பது அத்துறையின் மீது நம்பிக்கை தருகிறது. பொறுப்பானவர்கள் எழுதிய நெறி பொறுப்பற்றவரைக் கட்டுப்படுத்துமா என்பதுதான் கவலை.

அந்தக் கவலைக்கு வரலாறு இருக்கிறது. மரபணு திருத்தப்பட்ட கருக்களைக் கருப்பையில் வைக்கக் கூடாது என்பது சீனாவில் 2003 முதலே வழிகாட்டு நெறியாக இருந்தது. அதை மீறி, மரபணு திருத்திய இரட்டைப் பெண் குழந்தைகள் பிறந்துவிட்டதாக 2018 நவம்பரில் அந்நாட்டு விஞ்ஞானி ஹே ஜியான்குயி அறிவித்தார். அடுத்த ஆண்டு அவருக்கு மூன்றாண்டுச் சிறை கிடைத்தது. குழந்தைகள் பிறந்தது பிறந்ததுதான். சட்டத்தை அதன் பிறகே சீனா கடுமையாக்கியது. நம் நாட்டிலும் பாடம் உண்டு. இரத்தம் தொடர்பான சில நோய்களுக்கு மட்டுமே ஸ்டெம் செல் சிகிச்சை அங்கீகரிக்கப்பட்டது என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் வழிகாட்டுதல்கள் தெளிவாகச் சொன்னபிறகும், ஆட்டிசம் முதல் முதுகுத்தண்டுக் காயம் வரை எல்லாவற்றுக்கும் அதை விற்ற மையங்கள் பல நகரங்களில் நடந்தன. இந்தத் துறையில் வணிகமும் நுழைந்துவிட்டது. கரு மாதிரிகளிலிருந்து மாற்றுச் சிகிச்சைக்கான செல்களை எடுக்கும் நோக்கத்தோடு ஹன்னாவே பங்கேற்று நிறுவிய ரீனியூவல் பயோ என்ற நிறுவனம் இயங்கிவருகிறது. நோயாளிக்கு அவருடைய செல்களிலிருந்தே இரத்தமோ திசுவோ கிடைப்பது நல்ல நோக்கம்தான். ஆனால், முதலீடு வரும்போது மாதிரியை இன்னும் சில நாள், இன்னும் சில வாரம் வளர்க்கும் உந்துதலும் கூடவே வரும். அந்த உந்துதலைத் தடுத்து நிறுத்தும் வலிமை விருப்ப நெறிக்குக் கிடையாது.

வழுக்குப் பாதையில் கால் வைத்தால் அடிவரை சறுக்கவே வேண்டும், அதனால் முதல் அடியையே வைக்காதே என்று சொல்பவர்களுக்கும் சட்டம்தான் என் பதில். ஒன்றை அனுமதித்தால் எல்லாவற்றையும் அனுமதித்ததாகும் என்ற அச்சம், நடுவில் எங்கும் நிற்க முடியாது என்ற நம்பிக்கையிலிருந்து பிறக்கிறது. 14 நாள் விதியே அதற்கு மறுப்பு. 1984இல் அந்தக் கோடு போடப்பட்டபோதும் இதே அச்சம் எழுந்தது. நாற்பது ஆண்டுகளாகக் கோடு நின்றது. பிரிட்டனில் அது நின்றதற்குக் காரணம், மீறினால் தண்டனை உண்டு என்று சட்டம் சொன்னதும், கண்காணிக்க ஓர் ஆணையம் இருந்ததும்தான். முற்றாகத் தடைசெய்தால் ஆபத்து ஒழிந்துவிடும் என்று எண்ணுவதும் சரியில்லை. ஸ்டெம் செல்கள் உலகெங்கும் ஆயிரக்கணக்கான ஆய்வகங்களில் இருக்கின்றன. ஒரு நாடு தடைசெய்தால் அந்த ஆய்வு, கேள்வி கேட்பவர்கள் குறைவாக உள்ள இன்னொரு நாட்டுக்குப் போகும். பொறுப்பானவர்கள் விலகிக்கொள்வார்கள், மற்றவர்கள் தொடர்வார்கள். அதுமட்டுமின்றி, மாதிரிகள் மேம்பட மேம்பட, தம்பதிகள் கொடையாகத் தந்த உண்மையான கருக்களை ஆய்வுக்குப் பயன்படுத்தும் தேவை குறையும். கருவின் மதிப்பைக் காக்க விரும்புபவர்கள் இதையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

இந்தியச் சட்டத்தைப் பார்ப்போம். 2021ஆம் ஆண்டின் இனப்பெருக்கத் தொழில்நுட்பச் சட்டம், கருவுறுதலுக்குப் பின் 56 நாள் வரை வளரும் உயிரியைக் கரு என்று வரையறுக்கிறது. 2017ஆம் ஆண்டின் தேசிய ஸ்டெம் செல் வழிகாட்டுதல்கள், மனிதக் கருவை 14 நாளுக்கு மேலோ அந்த மெல்லிய கோடு தோன்றிய பின்போ வெளியில் வளர்ப்பதைத் தடைசெய்கின்றன. இவற்றில் முன்னது கருவுறுதலை மையமாக வைத்து எழுதப்பட்டது. கருவுறுதலே நிகழாத ஒன்று அந்த வரையறைக்குள் வராது. பின்னது வழிகாட்டுதல், அதை மீறியவருக்குச் சிறை கிடையாது. செயற்கைக் கருத்தரிப்பு மையங்கள் சிறு நகரங்கள் வரை பரவியிருக்கும் நாட்டில், குழந்தைக்காக எதையும் செய்யத் துணியும் பெற்றோரின் ஏக்கம் சந்தையாகிவிட்ட நாட்டில், இந்த ஓட்டையைத் திறந்து வைத்திருப்பது ஆபத்து. நமக்கு வேறு அவசரங்கள் இல்லையா, இரத்தசோகையையே நாம் இன்னும் வெல்லவில்லையே என்ற கேள்விக்கும் இதில் விடை இருக்கிறது. கர்ப்பிணியின் ஊட்டச்சத்தும் கருவின் முதல் வாரங்களும் இரண்டு தனித்தனிப் பிரச்சினைகள் இல்லை. எந்தச் சத்து, எந்த நாளில், எதைக் காக்கிறது என்ற அறிவு ஏழைப் பெண்ணுக்கே அதிகம் பயன்படும். சட்டம் எழுதப் பெருஞ்செலவும் ஆகாது. ஆய்வில் பின்தங்கியிருக்கும் நாடு விதியிலும் பின்தங்கியிருக்க வேண்டும் என்பதில்லை.

சட்டம் என்ன சொல்ல வேண்டும்? முதலாவதாக, மனிதச் செல்களால் ஆன எந்தக் கரு மாதிரியையும் பெண்ணின் கருப்பையிலோ விலங்கின் கருப்பையிலோ வைப்பதும், செயற்கைக் கருப்பையில் உயிர்பிழைக்கும் நிலையை நோக்கி வளர்ப்பதும் கடுங்குற்றமாக்கப்பட வேண்டும். இதில் விதிவிலக்கு கூடாது. அடுத்து, நஞ்சுக்கொடி உள்பட எல்லா அங்கங்களும் கொண்ட மாதிரிகளுக்குக் கடுமையான அனுமதி முறையும், முதுகெலும்பு போன்ற ஒரு பகுதியை மட்டும் காட்டும் மாதிரிகளுக்கு எளிய முறையும் வேண்டும். ஒவ்வொரு ஆய்வும் எந்தக் கேள்விக்கு விடை தேடுகிறது, எந்தக் கட்டத்தில் நிறுத்தப்படும் என்பதை முன்கூட்டியே பதிவு செய்ய வேண்டும். வலியை உணரத் தேவையான நரம்பு இணைப்புகள் உருவாவதற்குப் பல வாரம் முன்பே அந்த நிறுத்தம் அமைய வேண்டும். அந்தப் பதிவேடு மக்கள் பார்வைக்குத் திறந்திருக்க வேண்டும். அனுமதிக்கும் குழுவில் விஞ்ஞானிகளோடு கருச்சிதைவைச் சந்தித்த பெண்களும், மாற்றுத்திறனாளிகளும், இந்த ஆய்வை ஐயத்தோடு பார்ப்பவர்களும் இடம்பெற வேண்டும். அதோடு, செல்லைத் தந்தவரின் ஒப்புதல் பற்றிய கேள்வியும் உண்டு. நீரிழிவு ஆய்வுக்கென்று ஒருவர் பத்தாண்டுக்கு முன் தந்த சிறு தோல் துண்டு இன்று ஸ்டெம் செல்லாகி, கரு மாதிரியாகவும் ஆகலாம். தன் மரபணுக்களைச் சுமந்த ஓர் உருவம் இதயத்துடிப்போடு எங்கோ வளர்கிறது என்பதை அறிய அவருக்கு உரிமை இல்லையா? பொதுவான கையெழுத்து இதற்குப் போதாது. இந்தப் பயன்பாட்டைப் பெயர் சொல்லிக் கேட்டு ஒப்புதல் பெற வேண்டும்.

இப்படியொரு சட்டம் ஆய்வை முடக்கும் என்று அஞ்சும் விஞ்ஞானிகள், எது இந்த ஆய்வை உண்மையில் முடக்கும் என்று யோசிக்க வேண்டும். எங்கோ ஒரு மருத்துவமனையில் எவரோ ஒருவர் ஒரு மாதிரியைக் கருப்பைக்குள் வைத்தார் என்ற ஒரு செய்தி போதும்; உலகெங்கும் மக்கள் நம்பிக்கை சரிந்து, முதுகெலும்பு ஆய்வும் கருச்சிதைவு ஆய்வும் சேர்ந்தே மூடப்படும். தெளிவான எல்லைதான் அந்த எல்லைக்குள் துணிந்து வேலைசெய்யும் சுதந்திரத்தைத் தருகிறது. பிரிட்டனில் 1990 சட்டத்துக்குப் பின் கருவியல் ஆய்வு தேய்ந்துபோகவில்லை. நிச்சயமான விதிகளின் நிழலில் அது வளர்ந்தது. நரம்புக் குழாய் ஏன் மூடாமல் போகிறது, நல்ல கரு ஏன் பதியாமல் போகிறது, எந்த மருந்து எந்த நாளில் தீங்கு செய்கிறது என்ற கேள்விகள் நெடுங்காலமாகப் பெண்களின் உடலில் விடையின்றி முடிந்துகொண்டிருக்கின்றன; பழியை மட்டும் அவர்களே சுமக்கிறார்கள். விடை தேடும் கருவி கைக்கு வந்திருக்கும்போது அதைப் பயன்படுத்துவது நம் கடமை. அந்தக் கருவியின் எல்லையைக் காட்டும் சோதனையை ஒருபோதும் செய்யக் கூடாது என்பதால், அந்த எல்லையை நாடாளுமன்றம்தான் எழுதியாக வேண்டும். மாதிரிகள் இன்னும் கருவாகாத இந்த நாள்களே அதை எழுதுவதற்கான காலம்.